தாசண்ணன் முட்டில் வைத்த ஐஸ்

தலையில் ஐஸ் கட்டியைச் சுமந்துகொண்டு இரண்டு மைல் நடந்திருக்கிறேன். சாக்குப் பையில் அறக்கப்பொடியை, அதாவது மரத்தூளை நிரப்பி, நடுவில் ஐஸ் கட்டியைப் புதைத்து, அதை ஒரு மீன்கூடையில் வைத்துத் தலையில் ஏற்றியிருந்தேன். வெயில் கொளுத்தியது. காதுக்குப் பின்னால் ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கி, கழுத்து வழியாக ரவிக்கைக்குள் போனது. உடம்பெல்லாம் வேர்வை, முதுகில் மட்டும் குளிர்.

பாறசாலை ரோட்டிலிருந்து குளத்தூர் பக்கம் திரும்பும் வழியில் எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயில். அதன் வாசலில் நாலு போலீஸ்காரர்கள் நின்றார்கள். ஒருவர் கையை நீட்டி என்னை மறித்தார்.

"கொட்டயில் என்தா?"

"மீனுக்கு ஐஸ், சாரே."

மலையாளத்தில்தான் சொன்னேன். அந்த வருஷங்களில் போலீஸ்காரரிடம் தமிழ் பேசினால் பதிலுக்கு என்ன வரும் என்று தெரியாது. அவர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். விரல் குளிர்ந்ததும் கையை உதறிவிட்டு, போ என்று தலையசைத்தார்.

அவருக்குப் பின்னால், கோயில் படிக்கட்டில், மணி அடிக்கும் ஞானமுத்து தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மணிக்கயிறு சுருட்டிப் போட்டிருந்தது. இரண்டையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நடந்தேன். கயிறு மணியில் தொங்காமல் படியில் கிடக்கிறதே என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் என் நினைப்பெல்லாம் தலையில் உருகிக்கொண்டிருந்த ஐஸ் மேல் இருந்தது.

ஒரு கடிதம்

போன வாரம் மிஷன் ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "முழங்கால் முட்டு வீங்கினால் ஐஸ் வைக்கலாமா, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா? ஐஸ் என்றால் எவ்வளவு நேரம்?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்த "எவ்வளவு நேரம்" என்ற இரண்டு சொல்லைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். இத்தனை வயதுக்குப் பிறகும் இப்படியா என்று எனக்கே என்மேல் எரிச்சல்.

ஐயா, ஐஸ் வைக்கலாம். அடிபட்ட முதல் இரண்டு நாள் ஐஸ்தான். நடுவில் துணி வேண்டும். இருபது நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள். மற்றதை உங்கள் ஊர் வைத்தியரிடம் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். வேறு ஒன்று எழுத வைத்திருந்தேன். அது கிடக்கட்டும்.

மிஸ்ஸியம்மா சொல்லித் தந்தது

எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் பிசியோதெரபி என்ற பேரெல்லாம் கிடையாது. "உழிச்சல் முறி", அதாவது தடவிவிடும் அறை என்பார்கள். ஒரு பெஞ்சு, இரண்டு கம்பிக்கட்டில், சுவரில் ஒரு கப்பியும் கயிறும், அவ்வளவுதான் சாமான். அதை நடத்தியவர் வெளிதேசத்துக்காரர். நாங்கள் அவரை மிஸ்ஸியம்மா என்போம். யுத்தத்தில் கால் கை போன பட்டாளக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்தவர். என்னைப் பிடித்து ஆறு மாசம் பழக்கினார்.

நம்மூரில் அடிபட்டால் உடனே சூடுதான். எண்ணெய் காய்ச்சுவார்கள், உப்பை வறுத்துத் துணியில் கட்டுவார்கள், இலையை வதக்கிப் போடுவார்கள். மிஸ்ஸியம்மா தலைகீழாகச் சொன்னார். முதலில் குளிர், வீக்கம் நின்ற பிறகு சூடு. திருவனந்தபுரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு பாளம் ஐஸ் வரும். பாதி வழியிலேயே உருகிவிடும். மிச்சத்தை உடைத்து, துணியில் பொதிந்து, வீங்கின கணுக்காலில் நான் வைப்பேன். முதலில் நோயாளி அலறுவார். பிறகு எரிகிறது என்பார். பிறகு ஒன்றுமே தெரியவில்லை என்று சிரிப்பார்.

"சிரிக்கும்போது எடுத்துவிடு" என்பது மிஸ்ஸியம்மாவின் பாடம். "வலி தெரியாத இடத்தில் கேடும் தெரியாது" என்று உடைந்த தமிழில் சொல்வார்.

இன்னொன்றும் சொல்லித் தந்தார். முட்டுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, விரல் வைத்தால் ஒரு சின்ன எலும்பு முண்டு தட்டும். வாசகர்கள் இப்போதே தொட்டுப் பார்க்கலாம். அதன் கழுத்தைச் சுற்றித்தான் பாதத்தை மேலே தூக்கும் நரம்பு போகிறது. அதற்கும் தோலுக்கும் நடுவில் சதை கிடையாது. அங்கே இறுக்கிக் கட்டக்கூடாது, குளிரை அதிகம் நிறுத்தக்கூடாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதற்காகத்தான் இவ்வளவு விளக்கமாக எழுதினேன்.

பஸ்ஸை நிறுத்தி இறங்கியவர்

தாசண்ணன் என் பெரியப்பாவின் மகன். நெய்யாற்றின்கரைக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். வளைவு வந்தால் வாயாலேயே ஒரு ராகம் போட்டுக்கொண்டு ஸ்டீரிங்கைத் திருப்புவார். நான் டூட்டிக்குப் போகும் நாட்களில் எனக்காக அரை நிமிஷம் பஸ்ஸை நிறுத்தி வைத்து, ஏறியதும் "சிஸ்டரு வந்தாச்சு, இனி சாவ பயமில்ல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவார்.

போராட்டத்தில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. மலையாள ராஜ்யத்துக்குள் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மட்டும், "மெட்ராஸ்காரன் வந்தாலும் இந்த ரோட்டுல குழி அடைக்க மாட்டான்" என்று கிண்டல் பண்ணுவார்.

ஒருநாள் ரோட்டில் ஊர்வலம் வந்தது. எங்கள் கோயில் மணியை இடைவிடாமல் அடித்துத்தான் ஆள் கூட்டியிருந்தார்கள். அண்ணன் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். தடியடி தொடங்கி, ஜனம் சிதறியபோது, அவருக்கு ஸ்கூலில் பாடம் சொல்லித் தந்த வாத்தியார் பஸ்ஸின் முன்னால் விழுந்தார். அவரைத் தூக்கத்தான் அண்ணன் இறங்கினார். ஊர்வலக்காரர் யார், பஸ்காரர் யார் என்று தடிக்குத் தெரியுமா. வலது முட்டில் அடி விழுந்தது.

அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் பேரைப் போலீஸ் எழுதிக்கொண்டு போய்க் கைது பண்ணியது. அதனால் அவரை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் காலையில் எனக்குத் தகவல் வந்தது. ஆஸ்பத்திரி ஐஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சேலையை மாற்றி, மீன்காரி மாதிரி கூடை சுமந்து புறப்பட்டது அதற்காகத்தான்.

எண்ணெயை இறக்கி வைத்தது

நான் போனபோது அண்ணன் பாயில் கிடந்தார். முட்டு வீங்கிப் பளபளத்தது. வெளிப்பக்கம் கன்றிப்போய்க் கறுத்திருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று கண் சொன்னது. அவர் மனைவி தங்கம் மைனி அடுப்பில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

முதலில் செய்ய வேண்டியதை ஒழுங்காகத்தான் செய்தேன். எலும்பு முறிவு இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். இல்லை. பிறகு பாதத்தைப் பார்த்தேன்.

"அண்ணா, காலு விரலை மேல தூக்குங்க."

தூக்கினார். பாதம் முழுக்க நன்றாக மேலே வந்தது. நான் கையால் அழுத்தியும் எதிர்த்து நின்றது. "பிரேக் சவிட்டுத காலாக்கும், லேசுல போவுமா" என்று வலியிலும் சிரித்தார். வாசகர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தடியடிக்கு மறுநாள் அந்தப் பாதம் நன்றாக இருந்தது.

ஐஸை உடைத்தேன். துண்டில் பொதிந்து அடிபட்ட இடத்தில், அந்த வெளிப்பக்கத்தில் வைத்தேன். வழுக்கி விழுந்தது. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

தங்கம் மைனிக்கு மனசே இல்லை. "எஸ்தரு, அடிபட்ட எடத்துல தண்ணி பட்டாலே நீரு எறங்கும்னு சொல்லுவினும். நீ ஐஸ் வைக்கிய. கொஞ்ச நேரம் களிஞ்சு எடுத்துட்டு, இந்த எண்ணெயைத் தடவட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. படித்தவள் ஒருத்தி மெனக்கெட்டுச் சுமந்து வந்து வைத்தியம் பார்க்கிறாள், இவள் எண்ணெய்ச் சட்டியை விடமாட்டேன் என்கிறாளே என்ற கோபம்.

"மைனி, அந்த எண்ணெயை எறக்கி வையுங்க. கோயில்ல பன்னெண்டு மணி அடிக்கும்போ இதை அவுக்கணும். மணி அடிக்காம கட்டுல ஆரும் கை வைக்கப்பிடாது. உருகினா சாக்குல மிச்சம் உண்டு, எடுத்து வையுங்க. எனக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

எங்கள் ஊரில் கடிகாரம் இருந்த வீடுகள் மூன்றோ நாலோதான். மற்றவர்களுக்கு நேரம் என்பது கோயில் மணி. காலை ஆறு, நடுப்பகல் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு. உலை வைப்பதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் அதைக் கேட்டுத்தான். நானே எத்தனையோ நோயாளிகளிடம் "மணி அடிச்சதும் ஒரு மாத்திரை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒருநாளும் தவறியதில்லை.

கட்டும்போது என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருந்தது. கணக்கு சரியாக இருந்தது. மணி அடித்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் கை ஒடிந்து ஒரு பெண் கிடக்கிறாள் என்று ஒருவர் வந்து கூப்பிட்டார். ஒரு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சாயங்காலம்

அந்தப் பெண்ணின் கையைப் பட்டை வைத்துக் கட்டி முடித்து வெளியே வந்தால், ரோட்டை மறித்துப் போலீஸ் வண்டிகள் நின்றன. ரோட்டைத் தாண்ட ஒருவரையும் விடவில்லை. மன்றாடிப் பார்த்தேன், நர்ஸ் என்று சொன்னேன். அதற்கு இன்னும் நாலு கேள்வி கேட்டார்கள். நான் அந்த வீட்டுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தேன். எனக்குப் பெரிய கவலையும் இல்லை. அந்தப் பெண் அலறிய அலறலில் மணி கேட்டதா என்று நான் கவனிக்கவும் இல்லை. பன்னிரண்டு மணிக்குக் கட்டை அவிழ்த்திருப்பார்கள், மைனி இந்நேரம் எண்ணெய் தடவியிருப்பாள், அதற்கு ஒரு சண்டை போட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழி விட்டபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அந்த வீட்டு ஆள்தான் பேச்சுவாக்கில் சொன்னார்: "இண்ணைக்குக் கோயில்ல மணி அடிக்க விடல்லியாம். கயிற அறுத்துப் போட்டுட்டானுவ. மணி அடிச்சா ஆளு கூடும்னு பயம்."

அதற்கப்புறம் நான் எப்படி வந்தேன் என்று ஞாபகமில்லை. ஓடியிருக்க வேண்டும். ஒரு செருப்பு காணாமல் போயிருந்தது.

அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். மைனி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாத. நல்ல உறக்கம். நோவு தீரப் போச்சு, காலே மரவிச்சுப் போச்சுன்னு சொல்லிட்டுப் படுத்தாவ. நீ கெட்டிக்காரியாக்கும் எஸ்தரு. நானாக்கும் அறிவில்லாம எண்ணெய் எண்ணெய்னு சொன்னேன்."

"மைனி, கட்டு?"

"மணி அடிக்கல்லியே. உச்சி சாஞ்ச பெறவு எனக்கும் ஒரு சந்தேகம் வந்துது. அவியளுட்ட கேட்டேன். எஸ்தரு சொன்னா காரியம் உண்டு, கை வைக்காதேன்னாவ. உருக உருக சாக்குல இருந்து எடுத்து வச்சேன். இப்பந்தான் தீந்துது."

கட்டை அவிழ்த்தேன். தோல் வெளுத்து, மெழுகு மாதிரி இருந்தது. அண்ணன் கண் விழித்து, "வந்துட்டியா மக்கா" என்றார்.

"காலு விரலை மேல தூக்குங்க."

அவர் முகத்தைப் பார்த்தால் தூக்குகிறார் என்று தெரிந்தது. நெற்றி சுருங்கியது. பாதம் அப்படியே கிடந்தது.

"தூக்கியாச்சு இல்லியா?" என்று கேட்டார்.

அன்று நான் சொன்ன பதில்தான் என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய். "அடிபட்ட வேகத்துல நரம்பு தளர்ந்திருக்கு அண்ணா. சரியாவும்."

ஞாயிற்றுக்கிழமைகள்

சரியாகவில்லை. கொப்புளம் வந்து ஆறியது, வீக்கம் வடிந்தது, முட்டு மடங்கியது. பாதம் மட்டும் தொங்கியே நின்றது. மிஸ்ஸியம்மா சொல்லித் தந்த அத்தனையும் செய்து பார்த்தேன். சைக்கிள் டியூபை வெட்டி, செருப்பு நுனியிலிருந்து கெண்டைக்காலுக்கு இழுத்துக் கட்டி, பாதம் விழாமல் நிற்க ஒரு வழி பண்ணினேன். மிஸ்ஸியம்மாவிடம் அழைத்துப் போகவில்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார்: எவ்வளவு நேரம்?

டிரைவர் வேலை போயிற்று. பெடலிலிருந்து எழும்பாத காலை வைத்துக்கொண்டு யார் பஸ் ஓட்ட விடுவார்கள். பஸ் முதலாளி அவரை டிக்கெட் கிழிக்க வைத்துக்கொண்டார். படியில் நின்றுகொண்டு, வேறொருவர் ஸ்டீரிங் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே வருவார். வாய்ராகம் நின்றுபோயிற்று.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார். நான் அந்தக் காலை மடியில் வைத்து எண்ணெய் போட்டு உழிந்துவிடுவேன். பிரயோஜனம் இல்லை என்று எனக்கு முதல் வருஷமே தெரியும். ஆனாலும் விடவில்லை. கோயில் சிமென்ட் தரையில் அவர் நடக்கும்போது பாதம் டப் டப் என்று அடிக்கும். ஜெபத்தில் கண்ணை மூடியிருந்தாலும் அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சொல்லிவிடு சொல்லிவிடு என்று இருக்கும். வாய் வராது.

இதற்கு நடுவில் போராட்டக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். போலீஸ் அடியில் கால் போனவர் என்று மேடையில் உட்கார வைத்தார்கள். முதலில் கூச்சப்பட்டார். பிறகு பேசப் பழகிவிட்டார். "இந்தக் காலு தமிழுக்குக் குடுத்ததாக்கும்" என்று அவர் சொன்னால் கூட்டம் அமைதியாகிவிடும். மெட்ராஸ்காரனைக் கிண்டல் பண்ணிய மனிதர் இவரா என்று நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். படியில் நின்று டிக்கெட் கிழிக்கும் ஆளை அந்த மேடைதான் நிமிர்த்தி வைத்திருந்தது.

கடைசியில் எல்லை பிரித்தார்கள். எங்கள் பக்கம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளைக்கு அந்தப்புறம் தமிழ்நாடு. அண்ணன் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். செய்தி வந்த அன்று அவரைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் நின்று கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சாரமில்ல, போட்டும் மக்கா" என்றார். "குடுத்த காலைத் திரும்பக் கேக்க ஒக்குமா."

ஒரு வரி

பல வருஷம் கழித்து, எல்லைக்கு அந்தப்புறம் இருந்தவர்கள் போராட்டத்தில் அடிபட்டவர்களைக் கூப்பிட்டுக் கௌரவிக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். உண்மையாகவே அடிபட்டவர்தான் என்பதற்கு வைத்தியம் பார்த்தவரின் கையெழுத்து வேண்டும் என்றார்களாம்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதத்தோடு வந்தார். வெள்ளை ஜிப்பா புதிதாகத் தைத்திருந்தார். காலை நீட்டாமல் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார்.

"நீதானே பாத்தது. ஒரு வரி எழுதினாப் போரும். போலீஸ் அடியில காலு போச்சுன்னு."

பேனாவை எடுத்தேன். "இதனால் தெரிவிப்பது" என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. வாயால் சொல்லிப் பழகிய பொய்தான். கையெழுத்துப் போட்டுச் சொல்ல முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாதம் தூக்கியது, இறுக்கிக் கட்டியது, மணிக்கயிறு படியில் கிடந்ததைப் பார்த்தது, எல்லாம்.

அவர் நான் அழுது முடிக்கும்வரை இருந்தார்.

"மணியை நிறுத்தினதும் போலீஸ்தானே அண்ணா" என்றேன். அவருக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனா தெரியவில்லை.

"அது வேற மக்கா." குனிந்து காலைப் பார்த்தார். "அடி வாங்கின காலுன்னா ஒரு மதிப்பு உண்டு. ஐஸ் வச்ச காலுக்கு என்ன மதிப்பு? அம்புட்டு மேடையில நின்னு நான் ஆளுவளுட்ட என்ன சொன்னேன்?"

காகிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

அந்த விழாவுக்கு அவர் போகவில்லை. அதன்பிறகு எந்த மேடைக்கும் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் உடம்புக்குச் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அடுத்த ஞாயிறு வழக்கம்போல என் வீட்டுக்கு வந்து காலை நீட்டினார். நானும் வழக்கம்போல எண்ணெய் போட்டேன்.

தங்கம் மைனிதான் ஒருநாள் என்னை வழியில் நிறுத்தினார்.

"எனக்க கையாலதானே எஸ்தரு நான் அந்த ஐஸை எடுத்து எடுத்து வச்சேன். இத்தன வருஷம் அறியாம இருந்தேன். இனி சாவுற வரைக்கும் அறிஞ்சு இருக்கணும் இல்லியா."

அவரைப் பற்றி நான் அதுவரை ஒருதடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு நிம்மதி வந்திருந்தது உண்மை. என் பாரத்தை அவர்கள் இரண்டு பேர் தலையில் தூக்கி வைத்துவிட்டு வந்த நிம்மதி அது.

ஜீவிய சரித்திரம்

எங்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தை வாசிப்பார்கள். எங்கே பிறந்தார், யாரைக் கட்டினார், என்ன வேலை பார்த்தார், எப்படி நித்திரையடைந்தார் என்று ஒரு பக்கம் எழுதிப் போதகரிடம் கொடுக்க வேண்டும். குடும்பத்தில் எழுதத் தெரிந்தவள் என்று அந்த வேலை எப்போதும் எனக்குத்தான் வரும்.

தாசண்ணன் இறந்தது ஒரு மழைக்காலத்தில். களியக்காவிளைப் பக்கமிருந்து மூன்று பேர் மாலையோடு வந்திருந்தார்கள். இத்தனை வருஷம் வர மறுத்தவரை அவர்கள் மறக்கவில்லை.

நான் உள்ளறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பிறப்பு, கல்யாணம், பஸ் டிரைவர் வேலை வரை எழுதிவிட்டேன். அடுத்த வரியில் நின்றுவிட்டேன். தங்கம் மைனி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"போலீஸ் அடியில போச்சுன்னு எழுது."

"மைனி."

"நீ எழுது. அவியளுக்கு அதாக்கும் ஆசை. எனக்கும் அதாக்கும் ஆசை. நீ எனக்கு ஒண்ணு செய்யணும்னா இது செய்."

எழுதினேன். இப்போது தங்கம் மைனியும் இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அதனால்தான் இதை இங்கே சொல்ல முடிகிறது.

பெட்டியைக் கோயிலில் வைத்து, போதகர் என் காகிதத்தை வாசித்தார். "எல்லைப் போராட்டத்தில் போலீஸ் தடியடியால் வலது காலின் பலத்தை இழந்தார்" என்ற இடம் வந்ததும் அந்த மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்துச் சபையும் எழுந்தது. நானும் எழுந்து நின்றேன்.

புது ஜிப்பா போட்டுக்கொண்டு என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கேட்டது இந்த ஒரு வரியைத்தான். கேட்கிற காதோடு இருந்த மனிதருக்கு அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை.